ஐப்பசிக் காப்பிக்கு மசாலாப் பாகு: என் பால் ஏன் திரிகிறது?

ஏலமலைத் தூறல் (குமுளி) | அக்டோபர் 14, இரவு 9.20

வணக்கம். குமுளியில் மூன்று அறைகளை வைத்து விருந்தினர் தங்கும் வீடு நடத்துகிறோம். போன வாரம் கனடாவின் வான்கூவரிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். துலாவர்ஷ மழை பிடித்துக்கொண்டதால் படகுச் சவாரிக்கும் போகவில்லை, காட்டுக்கும் போகவில்லை. அந்தப் பெண் அடுக்களை வாசலில் வந்து நின்று, "எங்கள் ஊரில் இப்போது இலையுதிர் காலம், காப்பியில் பம்ப்கின் ஸ்பைஸ் என்னும் பூசணி மசாலாப் பாகு ஊற்றிக் குடிப்போம், இங்கே கிடைக்குமா?" என்று கேட்டாள். வீட்டைச் சுற்றி ஏலச்செடி, கொல்லையில் ஜாதிக்காய், வேலியோரம் கறுவா மரம். இத்தனைக்கும் நடுவில் நின்றுகொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஒரு காணொளியைப் பார்த்துச் செய்தேன். மறையூர் வெல்லம் அரைக் கிலோ, அதே அளவு தண்ணீர், பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாம் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறியதும் பச்சை இஞ்சியைத் துருவிப் பிழிந்து அந்தச் சாற்றைக் கலந்தேன். "இஞ்சியைக் கொதிக்க வைத்தால் மணம் போய்விடும்" என்று காணொளியில் அழுத்திச் சொன்னார்கள். இரவு முழுவதும் மூடி வைத்து, காலையில் வடிகட்டினேன். மணம் என்றால் அப்படி ஒரு மணம்.

டம்ளரில் இரண்டு கரண்டி விட்டு, டிகாஷன் ஊற்றி, சூடான பாலை ஊற்றினேன். பால் திரிந்துவிட்டது. வேறு பால் காய்ச்சி மீண்டும் ஊற்றினேன். அதுவும் போயிற்று. கடைசியில் அவர்களுக்குப் பாலில்லாத கட்டன் காப்பி கொடுத்து மானத்தைக் காப்பாற்றினேன். சீனியில் செய்த இன்னொரு பாட்டில் ஃப்ரிட்ஜில் மூன்றாம் நாள் அடியில் கல்லாக உறைந்து கிடக்கிறது.

நவம்பரில் அதே நாட்டிலிருந்து இன்னொரு குழு வருகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

---

இரண்டாம் டிகாஷன் (செங்கோட்டை) | அக்டோபர் 14, இரவு 9.51

பால் திரிந்தது காப்பியின் சுயமரியாதை என்று எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா. நல்ல டிகாஷனில் பட்டையையும் கிராம்பையும் போடுவது பிரியாணிக்கு வைத்ததை மடைமாற்றுவது. சுக்குக் காப்பி வேண்டுமென்றால் சுக்குக் காப்பி என்றே சொல்லிக் குடிக்கலாம். அதற்கு ஒரு பாகு, அதற்கு ஒரு பாட்டில், அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர்.

---

போடிமெட்டு வளைவு (போடிநாயக்கனூர்) | அக்டோபர் 14, இரவு 10.15

டிகாஷன் அண்ணாச்சி, அவர் வழி கேட்டார், தீர்ப்புக் கேட்கவில்லை.

அக்கா, எனக்கு வெல்லத்தின் மேல்தான் சந்தேகம். வெல்லப் பாயசத்தில் சூட்டோடு சூடாகப் பாலை ஊற்றினால் திரியும் என்று எங்கள் ஆத்தா அடித்துச் சொல்வார். பாகை ஆறவிட்டுப் பாலை ஊற்ற வேண்டும், ஊற்றிய பின் அடுப்பில் ஏற்றக் கூடாது. உங்கள் பக்கம் சேச்சிமார் தேங்காய்ப் பாலில் பாயசம் வைப்பதால் அந்தத் தொல்லை அவர்களுக்கு இல்லை.

---

சங்ஙனாச்சேரி மருமகள் | அக்டோபர் 15, காலை 6.40

நான் கல்யாணமாகி வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. கிறிஸ்துமஸ் கேக்குக்கு என்று எங்கள் மாமியார் ஒரு பாகு வைப்பார், மீந்ததைக் காப்பியில் விடுவோம். சர்க்கரை 400 கிராம், தண்ணீர் 400 மில்லி, பட்டை மூன்று துண்டு, கிராம்பு எட்டு, சர்வசுகந்தி இலை இரண்டு. இருபது நிமிஷம் சிறு தீயில். அவ்வளவுதான். பால் திரிந்ததே இல்லை, ஏனென்றால் நாங்கள் கட்டனில் மட்டுமே விடுவோம்.

---

ஆரல்காற்று (நாகர்கோவில்) | அக்டோபர் 15, காலை 7.05

மருமகளே, சர்க்கரை என்று எதைச் சொல்கிறீர்கள்? எங்களுக்கு வெள்ளையாக இருப்பது சீனி. சென்னைக்காரர்களுக்கு அதுவே சர்க்கரை. உங்கள் மாமியாருக்குச் சர்க்கரை என்றால் வெல்லம், வெள்ளையாக இருப்பது பஞ்சசார. எல்லையில் நின்று கொண்டு இந்தச் சொல்லை எழுதினால் நாலு வீட்டில் நாலு பாகு கிடைக்கும்.

---

சங்ஙனாச்சேரி மருமகள் | அக்டோபர் 15, காலை 7.12

ஐயோ, வெல்லம்தான். முதல் வருஷம் நானே அந்தக் குழியில் விழுந்தவள். "சர்க்கர எடுக்கு" என்றார்கள், சீனி டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். இன்றும் ஓணத்துக்கு ஓணம் அந்தக் கதை வீட்டில் ஓடும்.

---

ஓய்வுபெற்ற குடுவை (சித்தூர், பாலக்காடு) | அக்டோபர் 15, காலை 10.30

முப்பத்தொரு ஆண்டு பள்ளியில் வேதியியல் நடத்தியவன். ஆளாளுக்குக் குற்றவாளியைப் பிடிக்கும் முன் இரண்டு கேள்வி. அம்மா, பால் ஊற்றியவுடனே திரிந்ததா, கொஞ்ச நேரம் கழித்தா? திரிந்தது மணல் மணலாக இருந்ததா, தயிர் போல வழவழவென்று கட்டியாக இருந்ததா?

---

ஏலமலைத் தூறல் | அக்டோபர் 15, காலை 11.02

சார், நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிக்கிறேன். ஊற்றியபோது நன்றாகத்தான் இருந்தது. தட்டில் வைத்து, முறுக்கு எடுத்து வைத்து, மாடிக்குக் கொண்டுபோவதற்குள் திரிந்திருந்தது. ஐந்து நிமிஷம் இருக்கும். மணல் இல்லை. இளந்தயிர் போல மேலே ஆடை திரண்டு, கீழே பழுப்புத் தண்ணீர்.

---

ஓய்வுபெற்ற குடுவை | அக்டோபர் 15, பகல் 12.10

அப்படியானால் முதல் குற்றவாளி இஞ்சி. வெல்லம் உடந்தை.

பச்சை இஞ்சியில் புரதத்தை வெட்டும் ஒரு நொதி இருக்கிறது. பப்பாளிக் காயைப் போட்டால் கறி மெத்தென்று வேகிறதே, அந்த வகை. அது பாலின் கேசின் புரதத்தில் கை வைத்தால் பால் உறையும். சீனாவின் தெற்கே குவாங்டாங் பக்கத்தில் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள்: சூடான இனிப்புப் பாலை இஞ்சிச் சாற்றின் மேல் ஊற்றி அசைக்காமல் வைத்தால் சில நிமிஷங்களில் கரண்டியில் வெட்டி எடுக்கும் பதத்துக்கு உறையும். ஏறக்குறைய 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது நன்றாக நடக்கும். நம் காப்பியில் ஊற்றும் பாலும் அந்தச் சூட்டில்தான் டம்ளரில் இறங்குகிறது. உங்கள் விருந்தாளிக்கு நீங்கள் அறியாமலே குவாங்டாங் பலகாரம் செய்து கொடுத்திருக்கிறீர்கள்.

இஞ்சியைக் கொதிக்க விட்டால் நொதி செயலிழந்துவிடும். அதனால்தான் இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கும் டீயில் பால் ஊற்றினாலும் நம் டீக்கடைகள் பிழைக்கின்றன. "மணம் போய்விடும், கொதிக்க வைக்காதே" என்று சொன்ன காணொளி கெடுத்தது அங்கேதான்.

வெல்லம் வேறு விதம். அதில் இயல்பாகவே சிறிது புளிப்பும் தாது உப்புகளும் உண்டு. டிகாஷனும் அமிலத் தன்மை உள்ளதுதான். இரண்டும் சேர்ந்து சூடும் ஏறினால் கேசின் பொட்டுப் பொட்டாகத் திரளும். அது மணலாகத் திரியும், கொதிக்கும்போதே தெரியும்.

நம்ப வேண்டாம். நாலு டம்ளர் எடுத்துச் சோதித்துப் பாருங்கள்: வெறும் வெல்லப் பாகு, பச்சை இஞ்சிச் சாறு கலந்த சீனிப் பாகு, கொதித்த இஞ்சி கலந்த சீனிப் பாகு, ஒன்றும் கலக்காத பால்.

---

மேப்பிள் நிழல் (டொராண்டோ, சொந்த ஊர் புனலூர்) | அக்டோபர் 15, பிற்பகல் 3.44

இங்கே இப்போது காலை. ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் இலை செங்காவி நிறத்தில் கொட்டிக் கிடக்கிறது. இந்த மாதம் இங்கே மெழுகுவத்தி, சோப்பு, பிஸ்கட் எதைத் தொட்டாலும் அந்த மணம்தான். அதன் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன், குமுளி அக்காவுக்கு உதவும்.

பெயரில் பூசணி இருந்தாலும் அது பூசணிக்கான மசாலா. நன்றி சொல்லும் நாளில் இங்கே பூசணிப் பை சுடுவார்கள். அதில் பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு, சில வீடுகளில் ஆல்ஸ்பைஸ். மெக்கார்மிக் நிறுவனம் 1934இல் இவற்றை ஒரே டப்பாவில் கலந்து விற்கத் தொடங்கியது. ஸ்டார்பக்ஸ் 2003இல் அதைக் காப்பியில் கொண்டுவந்தது. முதலில் விற்றுப் பார்த்த நகரங்களில் வான்கூவரும் ஒன்று, அக்காவின் விருந்தாளி ஊர்ப்பெருமையோடுதான் கேட்டிருக்கிறாள். அந்தக் காப்பியில் முதலில் பூசணியே கிடையாது. 2015இல்தான் கொஞ்சம் பூசணிக் கூழைச் சேர்த்தார்கள்.

ஆகவே உங்கள் கொல்லையில் இருப்பதே முழுச் சரக்கு. ஆல்ஸ்பைஸ்தான் மருமகள் எழுதிய சர்வசுகந்தி. கரீபியன் தீவுகளின் மரம், கேரளத்து வீட்டு முற்றங்களில் வந்து குடியேறிவிட்டது. அங்கே காயை உலர்த்துவார்கள், நம்மவர்கள் இலையைக் கிள்ளி இறைச்சியில் போடுகிறார்கள்.

---

இரண்டாம் டிகாஷன் | அக்டோபர் 15, மாலை 5.20

பூசணி இல்லாத பூசணிக் காப்பி. நான் என்ன சொன்னேன்?

---

ஆரல்காற்று | அக்டோபர் 15, மாலை 5.31

எங்களுக்கு அது மத்தன். பூசணி என்றால் வெள்ளையாக, திருஷ்டிக்கு உடைப்பது.

---

போடிமெட்டு வளைவு | அக்டோபர் 15, மாலை 5.40

மஞ்சளாக இருப்பது சர்க்கரைப் பூசணி. எங்கள் சந்தையில் வேறு பெயர் சொன்னால் கடைக்காரர் முறைப்பார்.

---

நெறியாளர் | அக்டோபர் 15, இரவு 8.00

மத்தன், பரங்கி, பூசணி தொடர்பான பதினான்கு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கேயும் ஒருமைச் சொற்கள் வேண்டாம்.

---

ஏலமலைத் தூறல் | அக்டோபர் 17, மாலை 4.15

சோதனை முடிந்தது. மழையில் ஆள் யாரும் இல்லாததால் நிதானமாகவே செய்தேன். பாலைக் காய்ச்சி இறக்கி, குடிக்கும் சூட்டில் நாலு டம்ளரில் ஊற்றினேன்.

பச்சை இஞ்சிச் சாறு கலந்ததில் பத்து நிமிஷத்துக்குள் கரண்டி நிற்காவிட்டாலும் கரண்டியைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குத் திரண்டது. கொதித்த இஞ்சி கலந்தது கடைசி வரை அசையவில்லை. வெறும் வெல்லப் பாகு கலந்ததும் டம்ளரில் நன்றாகவே இருந்தது. ஆனால் அதை மீண்டும் அடுப்பில் வைத்துப் பொங்க விட்டேன், சார் சொன்ன மணல் வந்துவிட்டது. ஆக போடிமெட்டுத் தம்பியின் ஆத்தா சொன்னதும் சரி, சார் சொன்னதும் சரி. உறைந்த இஞ்சிப் பாலை என் மகன் சீனி தூவித் தின்றுவிட்டான், அது வேறு கதை.

இப்போது செய்திருக்கும் பாகு இது. தண்ணீர் 400 மில்லி. அதில் நசுக்கிய சுக்கு ஒரு விரல் நீளம், சுருள்பட்டை மூன்று, சர்வசுகந்திக் காய் ஆறு ஆகியவற்றைப் போட்டுச் சிறு தீயில் இருபது நிமிஷம். கிராம்பு ஐந்தை மட்டும் கடைசி எட்டு நிமிஷத்தில் போடுகிறேன், முதலிலேயே போட்ட தடவை பல்வலி மருந்து போல் இருந்தது. தண்ணீர் 250 மில்லிக்கு வற்றியதும் வடிகட்டி, 450 கிராம் சீனியைக் கரைத்து, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுகிறேன். இறக்கிய பிறகு இடித்த ஏலக்காய் பத்து, கால் ஜாதிக்காயைத் துருவியது, ஒரு சிட்டிகை உப்பு. மூடி அரை மணி நேரம் வைத்து மெல்லிய துணியில் வடித்தால் அரை லிட்டருக்குச் சற்று மேலே வரும். ஒரு டம்ளர் காப்பிக்கு இரண்டு தேக்கரண்டி போதும், வேறு சீனி வேண்டாம்.

வெல்லம் விட்ட சுவை இல்லையே என்று எனக்கே குறைதான். அதற்காக 450இல் 100 கிராமை மட்டும் வெல்லமாக மாற்றிப் பார்த்தேன். டம்ளரில் ஊற்றிக் குடிக்கும் வரை தொந்தரவு இல்லை. பால் காயும் பாத்திரத்தில் ஊற்றாதவரை தப்பிக்கலாம்.

இன்னும் ஒரு கேள்வி மிச்சம்: அடியில் கல்லாக உறைந்த பழைய பாட்டில்.

---

போடிமெட்டு வளைவு | அக்டோபர் 17, இரவு 8.50

அக்கா, நான் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியலில் ஜீப்பில் மலையேறி வரும் பெண்கள் எடுத்துப் போடும் பச்சைக் காயை உலர்த்துவதுதான் எங்கள் வேலை. ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் மிஞ்சும். இந்த மாதங்களில் உலர்த்தும் அறை ராத்திரி பகலாக ஓடும், சட்டையைத் துவைத்தாலும் மணம் போகாது. அதனால் சரக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பாகுக்கு எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள முதல்தர ஏலக்காயை வாங்காதீர்கள். அந்த விலை கண்ணுக்கு. பச்சை நிறமும் உருண்டையும் ஏலத்தில் விலை பேசும், பாகில் பேசாது. சிறு காய் போதும், ஆனால் முற்றியதாக இருக்க வேண்டும். தோட்டத்தில் கரிங்காய் என்பார்கள், உடைத்தால் அரிசி கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கும். அரிசி வெளுத்து உதிர்ந்தால் அது பிஞ்சில் பறித்தது. வெடித்த காய் மலிவாகக் கிடைக்கும், எண்ணெய் பறந்து போயிருக்கும், வேண்டாம். தோலை வீசாமல் சேர்த்தே இடியுங்கள்.

கிராம்பைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்லது மூழ்கும், அல்லது தலை மேலாக நிற்கும். எண்ணெய் எடுத்த சக்கை படுத்து மிதக்கும். நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும்.

பட்டையில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். கடையில் பட்டை என்று கொடுப்பதில் பெரும்பகுதி காசியா. ஒற்றைச் சுருளாகத் தடித்து, கையால் ஒடிக்க முடியாமல் இருக்கும், காரமும் தூக்கல். சுருள்பட்டை காகிதம் போல் மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும், விரலில் நொறுங்கும், இனிப்பு மணம். காசியாவில் கூமரின் என்னும் பொருள் அதிகம், தினமும் நிறையச் சேர்த்தால் ஈரலுக்கு ஆகாது. வாரம் இரண்டு காப்பிக்குப் பயமில்லை, தினமும் குடிக்கிறவர்கள் சுருள்பட்டைக்கு மாறிவிடுங்கள். உங்கள் வேலியில் கறுவா நிற்கிறது என்றீர்களே, மழைக்காலத்தில் கிளைப் பட்டை எளிதாக உரியும், இப்போதே ஒரு கிளையை வெட்டிப் பாருங்கள்.

ஜாதிக்காயில் கை நீள வேண்டாம். கால் காய் அரை லிட்டருக்குச் சரி. மணமாக இருக்கிறதே என்று ஒன்று இரண்டு முழுக் காயைச் சேர்த்தால் தலைசுற்றலும் படபடப்பும் வாந்தியும் வரும். விளையாட்டில்லை.

---

ஓய்வுபெற்ற குடுவை | அக்டோபர் 18, காலை 9.15

கல் உறைந்ததைப் பற்றி. அது சீனியின் இயல்பு. அறை வெப்பத்தில் 100 மில்லி தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சீனியைத்தான் தாங்கும். குளிர்ந்தால் அதையும் தாங்காது. நீங்கள் பழைய பாட்டிலை நெடுநேரம் கொதிக்க விட்டு வற்ற வைத்திருப்பீர்கள், எல்லை கடந்ததும் ஃப்ரிட்ஜில் கற்கண்டு கட்டிவிட்டது. அதிரசத்துக்குப் பாகு வைக்கும் கை அது. காப்பிப் பாகுக்குக் கம்பிப் பதம் வரக் கூடாது. விரலில் தொட்டால் பிசுக்கு மட்டும் இருந்தால் இறக்கிவிடுங்கள்.

உறைந்ததைக் கொட்ட வேண்டாம். பாகையும் கல்லையும் பாத்திரத்தில் மாற்றி, மூன்று மேசைக்கரண்டி தண்ணீரும் ஐந்தாறு சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டுக் கொதிக்க வையுங்கள். அமிலமும் சூடும் சேர்ந்தால் சீனியில் ஒரு பகுதி குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாக உடையும். அவை நடுவில் நின்று மற்றச் சீனியைக் கைகோக்க விடாது. ஐந்தாறு சொட்டுதான், கரண்டிக் கணக்கில் விட்டால் பாலுக்கு மறுபடி ஆபத்து.

இப்போதைய அளவில் உங்கள் பாகில் சீனி எடைக்கு 64 விழுக்காடு வருகிறது. கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் பாட்டிலில், ஈரக் கரண்டி படாமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம். மருமகள் சொன்ன சரிக்குச் சரி அளவில் சீனி பாதிதான். அது சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், இரண்டு வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். பூசணிக் கூழ் சேர்த்தால் எந்தக் கணக்கும் நிற்காது, மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள். எதுவானாலும் மேலே நுரைத்தாலோ கள் வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

---

ஆரல்காற்று | அக்டோபர் 18, காலை 11.40

சார் எலுமிச்சை என்றதும் என் கதை நினைவுக்கு வந்தது. நிறம் அழகாக இருக்கட்டும் என்று பாகில் பதிமுகச் சீவலைப் போட்டேன். கேரளத்து ஓட்டல்களில் இளஞ்சிவப்பாகக் கொடுப்பார்களே, அந்தத் தண்ணீருக்குப் போடும் மரச் சீவல். பாகு செம்பருத்தி நிறத்தில் ஜொலித்தது. அண்ணன் வந்திருந்தார், சோடாவில் இந்தப் பாகை விட்டு எலுமிச்சை பிழிந்தேன். கண்முன்னே சிவப்பு மஞ்சளாகிப் போயிற்று. அண்ணன் டம்ளரை என் பக்கமே தள்ளி, "நீ முதலில் குடி" என்றார்.

கருப்பட்டியில் செய்தவர்கள் யாராவது உண்டா? எங்கள் பக்கம் கருப்பட்டிக் காப்பி பாலில்லாமல்தானே குடிக்கிறோம், திரிகிற பேச்சே இல்லை. கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் மூன்றை மட்டும் வைத்துச் செய்தேன். பட்டை அதில் வேண்டாத விருந்தாளி.

---

ஓய்வுபெற்ற குடுவை | அக்டோபர் 18, பகல் 12.02

பதிமுகத்தின் சாயம் அப்படித்தான், புளிப்பில் மஞ்சள், புளிப்பில்லாத இடத்தில் சிவப்பு. பத்தாம் வகுப்புக்கு லிட்மஸ் தீர்ந்துபோனால் நான் அதைத்தான் கொண்டுபோவேன். அண்ணனிடம் பயமின்றிக் குடிக்கச் சொல்லுங்கள்.

---

சங்ஙனாச்சேரி மருமகள் | அக்டோபர் 18, பிற்பகல் 2.30

மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. (இந்த முறை எல்லோருக்கும் ஒரே அர்த்தம்.) வெல்லத்தில் செய்தால் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

---

ஓய்வுபெற்ற குடுவை | அக்டோபர் 18, பிற்பகல் 3.05

வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான், இரத்தம் வித்தியாசம் பார்க்காது. தூறல் அம்மாவின் பாகில் இரண்டு தேக்கரண்டிக்கு எட்டு எட்டரை கிராம் சீனி வரும். அவர் ஆசைப்பட்டால் பாகு வேண்டாம்: அதே மசாலாவைச் சீனி இல்லாமல் கஷாயமாக வைத்து, ஐஸ் தட்டில் உறைய விட்டு, காப்பிக்கு ஒரு கட்டி போடுங்கள். மணம் முழுதும் கிடைக்கும்.

---

இரண்டாம் டிகாஷன் | அக்டோபர் 21, இரவு 9.05

மூன்று நாளாக இங்கே அடைமழை. குற்றாலத்தில் குளிக்கத் தடை. வேலை இல்லாமல் இந்த இழையைத் திரும்பப் படித்துவிட்டு, வீட்டில் தெரியாமல் ஒரு சின்னக் கிண்ணம் பாகு வைத்தேன்.

டிகாஷனில் பாலோடு விட்டேன். சரிப்படவில்லை என்று சொல்லத்தான் வந்தேன், காரணமும் கண்டுபிடித்தேன். என் தூளில் சிக்கரி கலப்பு உண்டு. சிக்கரியின் கசப்பும் கிராம்பின் கசப்பும் ஒன்றை ஒன்று தூக்கிவிடுகின்றன. சிக்கரி இல்லாத தூளில், முதல் டிகாஷன் மட்டும், பால் சற்றுக் குறைவாக, கிராம்பை இரண்டாகக் குறைத்தேன். அது பரவாயில்லை. கட்டன் காப்பியில் விட்டது, உண்மையைச் சொன்னால், நன்றாகவே இருந்தது. சுக்குக் காப்பியின் பெரியப்பா மகன் போல.

காலையில் முதல் காப்பிக்கு இதை அனுமதிக்க மாட்டேன். மாலை நாலரை மணிக்கு மழை பெய்தால் மட்டும்.

---

போடிமெட்டு வளைவு | அக்டோபர் 21, இரவு 9.20

இந்தப் பதிவைப் படம்பிடித்து வைத்துக்கொண்டேன் அண்ணாச்சி.

---

மேப்பிள் நிழல் | அக்டோபர் 22, காலை 7.10

தூறல் அக்கா, டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். ஒரு பாட்டில் வாங்கி வரலாமா? பெட்டியில் துணிக்குள் சுற்றி வைத்தால் தாங்குமா?

---

ஏலமலைத் தூறல் | அக்டோபர் 22, காலை 8.35

பாகைக் கொண்டுபோகாதே தம்பி. மூடி கசிந்தால் உன் சட்டை எல்லாம் எறும்புக்கு. சுக்கு, சுருள்பட்டை, ஏலக்காய், சர்வசுகந்தி எல்லாம் உலர்ந்ததாகப் பொட்டலம் கட்டித் தருகிறேன். ஜாதிக்காயை ஓட்டோடு தருகிறேன், உடைக்காமல் வைத்தால் மணம் நிற்கும், வேண்டும்போது உடைத்துத் துருவிக்கொள். என்ன எடுத்துப் போகலாம் என்று அங்கத்திய விதியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்.

சார் சொன்னபடி பழைய பாட்டிலைக் காய்ச்சினேன். கல் எல்லாம் கரைந்துவிட்டது, இதுவரை திரும்ப உறையவில்லை. வடிகட்டிய சக்கையை வெயில் எட்டிப் பார்த்த ஒரு பகலில் உலர்த்திக் கட்டன் சாயாவில் போடுகிறேன், இரண்டாவது கொதிக்கும் மணம் மிச்சம் இருக்கிறது.

நேற்று பக்கத்து வீட்டுச் சேச்சி வந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "இது நம்மட சுக்குக் காப்பி அல்லே?" என்றார். பாகு என்றேன். இன்னொரு வாய் குடித்தார். ஒரு காலிப் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.